மார்பு நெரிப்புக்கான சிகிச்சை

மார்பு நெரிப்பு என்பது இதயத் தசைக்குத் தேவையான அளவு குருதி கிடைக்காதபோது நெஞ்சில் தோன்றும் வலி, இறுக்கம் அல்லது பாரம் போன்ற உணர்வாகும். அஞ்சைனா, இதயவலி ஆகிய பெயர்களாலும் இது அறியப்படுகிறது. இது தனியொரு நோயன்று. இதயத் தமனி நோயின் அறிகுறியாகும். இதற்கான சிகிச்சை மருந்துகள், வாழ்க்கைமுறை மாற்றங்கள், தமனிச் சீரமைப்பு ஆகிய மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலிரண்டும் நோயாளிகள் அனைவருக்கும் பொதுவானவை. மூன்றாவது சிலருக்கு மட்டுமே தேவைப்படுகிறது.

சிகிச்சையின் நோக்கங்கள் இரண்டு. ஒன்று வலியைத் தணித்தல். மற்றொன்று மாரடைப்பையும் அதனால் நேரும் இறப்பையும் தடுத்தல். இவ்விரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு மருந்துகளால் நிறைவேற்றப்படுகின்றன. வலியை உடனே தணிக்கும் மருந்துகள் ஆயுளை நீட்டுவதாக நிறுவப்படவில்லை. ஆயுளை நீட்டும் மருந்துகளின் பயனை நோயாளி உடலால் உணர்வதில்லை. இக்கட்டுரை நிலையான மார்பு நெரிப்பின் சிகிச்சையை விளக்குகிறது.

நோயின் இயல்பு

இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டுசெல்பவை இதயத் தமனிகள் ஆகும். இவற்றின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சி உயிரணுக்களும் சேர்ந்து படிவுகள் உருவாகும்போது தமனியின் உள்விட்டம் குறுகுகிறது. உடலின் பிற தசைகள் ஓய்வில் இருக்கும்போது தம்மிடம் வரும் ஆக்சிசனில் ஒரு சிறு பகுதியையே எடுத்துக்கொள்கின்றன. இதயத் தசையோ ஓய்விலேயே ஏறத்தாழ 70 முதல் 75 விழுக்காட்டை எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆகவே உழைப்பின்போது அதற்குக் கூடுதல் ஆக்சிசன் வேண்டுமெனில் கூடுதல் குருதி பாய்ந்தாக வேண்டும். உள்விட்டத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அடைபட்ட ஒரு தமனியால் ஓய்வுநிலைக்கு வேண்டிய குருதியைத் தர இயலும். மாடிப்படி ஏறும்போது தேவைப்படும் குருதியைத் தர இயலாது. இந்தப் பற்றாக்குறையே வலியாக உணரப்படுகிறது.

வலி பொதுவாக நெஞ்சின் நடுப்பகுதியில் தோன்றும். இடது தோள், கை, கழுத்து, தாடை, முதுகு ஆகிய இடங்களுக்கும் அது பரவக்கூடும். நடத்தல், படியேறுதல், சுமை தூக்குதல், சினம், குளிர்காற்று, நிறைந்த உணவு ஆகியவை அதைத் தூண்டுகின்றன. செயலை நிறுத்தி ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் வலி அடங்கிவிடும். பெண்கள், முதியோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோரில் சிலருக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், மிகுந்த களைப்பு, வியர்வை, குமட்டல் ஆகியவை மட்டும் தோன்றலாம்.

மார்பு நெரிப்பு இரு பெரும் வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஒரே அளவு உழைப்பில் தோன்றி, ஓய்வில் அடங்கி, பல மாதங்களாக மாறாமல் இருப்பது நிலையான மார்பு நெரிப்பு ஆகும். புதிதாகத் தோன்றி விரைவாக மோசமடைவதும், ஓய்விலேயே வருவதும், முன்பைவிடக் குறைந்த உழைப்பில் அடிக்கடி வருவதும் நிலையற்ற மார்பு நெரிப்பு எனப்படும். பின்னது மாரடைப்புக்கு நெருங்கிய நிலையாகும். அதற்கு மருத்துவமனையில் உடனடிச் சிகிச்சை தேவை.

நிலையான மார்பு நெரிப்பின் கடுமையைக் குறிக்க, கனடா இதயவியல் கழகத்தின் நான்கு படிநிலைகள் 1976 முதல் பயன்பட்டு வருகின்றன. வழக்கமான செயல்களில் வலியின்றி, கடும் உழைப்பில் மட்டும் வலி தோன்றுவது முதல் நிலை. எந்தச் செயலையும் வலியின்றிச் செய்ய இயலாமல், ஓய்விலும் வலி தோன்றக்கூடிய நிலை நான்காவது. சிகிச்சை பயனளிக்கிறதா என்பதை நோயாளி எந்தப் படிநிலையிலிருந்து எதற்கு மாறியுள்ளார் என்பதைக் கொண்டு மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர்.

வரலாறு

மார்பு நெரிப்பை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் ஆங்கில மருத்துவரான வில்லியம் ஹெபர்டன். அவர் 1768-ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் கல்லூரியில் வாசித்த கட்டுரை 1772-இல் வெளியானது. நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போதும் உண்டபின் நடக்கும்போதும் இவ்வலி வருவதையும், நின்றவுடன் மறைவதையும் அவர் பதிவு செய்தார். நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதைக் கடமையாகக் கொண்ட ஒரு நோயாளி ஏறக்குறைய நலமடைந்ததையும் அவர் குறிப்பிட்டுள்ளார். உடற்பயிற்சி இந்நோய்க்கு நன்மை செய்யும் என்பதற்கான மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்றாகும்.

எடின்பரோவில் பணியாற்றிய லாடர் பிரண்டன் என்னும் இளம் மருத்துவர், 1867-இல் அமைல் நைட்ரைட் என்னும் ஆவியாகும் நீர்மத்தை நோயாளிகளை முகரச் செய்து வலி தணிவதைக் கண்டார். மருந்தால் மார்பு நெரிப்பைத் தணிக்க முடியும் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் அதன் விளைவு சில நிமிடங்களே நீடித்தது.

இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோ 1847-இல் நைட்ரோகிளிசரினை உருவாக்கியிருந்தார். அதைச் சிறிதளவு நாவில் வைத்தாலே கடும் தலைவலி உண்டாவதை அவர் கவனித்திருந்தார். குருதிக் குழாய்கள் விரிவதே அத்தலைவலிக்குக் காரணம். இலண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் அதைத் தம் உடலில் ஆய்ந்து பார்த்தபின் நோயாளிகளுக்கு அளித்து, முடிவுகளை 1879-இல் வெளியிட்டார். இதே பொருளிலிருந்து டைனமைட்டை உருவாக்கிய ஆல்பிரட் நோபலுக்குத் தம் இறுதி நாட்களில் இதயநோய்க்காக நைட்ரோகிளிசரின் பரிந்துரைக்கப்பட்டது. 1896-இல் எழுதிய கடிதமொன்றில் இதனை விதியின் விளையாட்டாக அவர் குறிப்பிட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக், சிகிச்சையை வேறொரு திசையில் அணுகினார். இதயத்திற்குக் குருதியைக் கூட்ட முயல்வதற்கு மாறாக, இதயத்தின் தேவையைக் குறைக்கலாம் என்பதே அவருடைய கருத்து. அவருடைய ஆய்வின் பயனாக 1960-களில் புரோப்ரனலால் என்னும் பீட்டா தடுப்பான் பயன்பாட்டுக்கு வந்தது. அவருக்கு 1988-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நைட்ரோகிளிசரின் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறிச் செயல்படுகிறது என்னும் புரிதலுக்கு வழிவகுத்த ஆய்வுகளுக்காக ராபர்ட் பர்ச்காட், லூயி இக்னாரோ, பெரிட் முராட் ஆகிய மூவரும் 1998-இல் அதே பரிசைப் பெற்றனர். மரெல் பயன்படுத்திய மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

வலியைத் தணிக்கும் மருந்துகள்

நைட்ரேட்டுகள்

நைட்ரேட்டுகள் சிரைகளை விரித்து, இதயத்திற்குத் திரும்பி வரும் குருதியின் அளவைக் குறைக்கின்றன. இதனால் இதயத்தின் சுமை குறைகிறது. இதயத் தமனிகளையும் இவை ஓரளவு விரிக்கின்றன. உடனடி நிவாரணத்திற்கு நைட்ரோகிளிசரின் மாத்திரையோ தெளிப்பானோ நாவின் கீழ் பயன்படுத்தப்படுகிறது. இந்தியாவில் ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி. மாத்திரை மிகுதியாகப் பயன்படுகிறது. சார்பிட்ரேட் என்னும் வணிகப் பெயரால் அது பரவலாக அறியப்படுகிறது. இவற்றை விழுங்கினால் மருந்தின் பெரும்பகுதி கல்லீரலில் சிதைந்துவிடும். நாவின் கீழ் வைக்கும்போது அது கல்லீரலைச் சுற்றாமல் நேரடியாகக் குருதியில் கலந்து சில நிமிடங்களில் செயல்படுகிறது.

இம்மருந்தைப் பயன்படுத்தும் முறை பின்வருமாறு:

* வலி தோன்றியவுடன் செய்யும் செயலை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். நின்றுகொண்டே மருந்தை எடுத்தால் குருதி அழுத்தம் குறைந்து மயங்கி விழக்கூடும்.
* மாத்திரையை நாவின் கீழ் வைத்துக் கரைய விட வேண்டும். தெளிப்பானாயின் நாவின் கீழ் தெளித்து வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
* ஐந்து நிமிடங்களில் வலி அடங்காவிடில் இரண்டாம் முறை எடுக்கலாம் என்பது பிரித்தானிய வழக்கம். அதன்பின் ஐந்து நிமிடங்கள் கடந்தும் வலி நீடித்தால் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அமெரிக்க வழிகாட்டல்கள் முதல் மாத்திரைக்குப் பின் ஐந்து நிமிடங்களில் வலி குறையாவிட்டாலே அழைக்கும்படி கூறுகின்றன.
* படியேறுதல் போன்று வலியைத் தூண்டும் என முன்கூட்டியே தெரிந்த செயலுக்குச் சில நிமிடங்கள் முன்பும் இதனைப் பயன்படுத்தலாம்.

தலைவலி, முகம் சிவத்தல், தலைசுற்றல் ஆகியவை பொதுவான பக்க விளைவுகள். நைட்ரோகிளிசரின் எளிதில் ஆவியாகும் தன்மையுடையது. எனவே அதன் மாத்திரைகளை அவை வந்த கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி, வெப்பமும் ஒளியும் படாமல் வைக்க வேண்டும். பஞ்சு, பிற மாத்திரைகள் ஆகியவற்றை அப்புட்டியில் வைக்கக்கூடாது. பிரித்தானிய நடைமுறையில், புட்டியைத் திறந்து 8 வாரங்கள் ஆனபின் எஞ்சிய மாத்திரைகள் அகற்றப்படுகின்றன. வீட்டில் பெட்டிக்குள் இருக்கும் மாத்திரை வெளியில் வலி வரும்போது பயன்படாது என்பதால், நோயாளி அதனை எப்போதும் உடன் வைத்திருப்பது நன்று.

நீண்டநேரம் செயல்படும் நைட்ரேட் மாத்திரைகளும் தோலில் ஒட்டும் பட்டைகளும் வலி வராமல் தடுக்கப் பயன்படுகின்றன. இவற்றை நாள் முழுதும் இடைவெளியின்றிப் பயன்படுத்தினால் உடல் அவற்றுக்குப் பழகி, மருந்தின் பயன் குறைந்துவிடும். டைனமைட் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இந்நிகழ்வு முன்பே காணப்பட்டது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பணிக்குத் திரும்பும்போது அவர்களுக்குக் கடும் தலைவலி உண்டாகும்; வாரத்தின் அடுத்த நாட்களில் உடல் பழகித் தலைவலி மறைந்துவிடும். இதைத் தவிர்க்க, நாளொன்றுக்கு 10 முதல் 12 மணிநேரம் நைட்ரேட் இல்லாத இடைவெளி விடப்படுகிறது. பெரும்பாலும் இரவில் பட்டை அகற்றப்படுவது இதனாலேயே.

பீட்டா தடுப்பான்கள்

அட்டெனலால், மெட்டோப்ரொலால், பைசோப்ரொலால் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை இதயத்துடிப்பின் வேகத்தையும் சுருங்கும் விசையையும் குறைக்கின்றன. இதயத் தசைக்கான குருதியின் பெரும்பகுதி, இதயம் சுருங்கும்போது அன்றி விரியும்போதே பாய்கிறது. துடிப்பு மெதுவாகும்போது விரியும் காலம் நீள்வதால் குருதி பாய்வதற்கும் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஓய்வுநிலைத் துடிப்பை நிமிடத்திற்கு 55 முதல் 60 வரை வைத்திருப்பது வழக்கமான இலக்காகும்.

களைப்பு, கைகால் குளிர்தல், ஆண்மைக் குறைபாடு ஆகியவை பக்க விளைவுகளாகத் தோன்றலாம். ஈளை நோய் உள்ளவர்களுக்கு இவை மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். பீட்டா தடுப்பான்களைத் திடீரென நிறுத்தினால் மார்பு நெரிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்புவதும் மாரடைப்பு ஏற்படுவதும் உண்டு. ஆகவே இவற்றை மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

கால்சியம் வாய்க்கால் தடுப்பான்கள்

இவை குருதிக் குழாய்த் தசைகளைத் தளர்த்துகின்றன. அம்லோடிபின், நிபெடிபின் ஆகியவை முதன்மையாகக் குருதிக் குழாய்களில் செயல்படுகின்றன. கணுக்கால் வீக்கம் இவற்றின் பொதுவான பக்க விளைவு. வெராப்பமில், டில்டியாசெம் ஆகியவை இதயத்துடிப்பையும் குறைக்கின்றன. வெராப்பமிலைப் பீட்டா தடுப்பானுடன் சேர்த்துக் கொடுத்தால் துடிப்பு அபாயகரமாகக் குறையக்கூடும் என்பதால் இச்சேர்க்கை தவிர்க்கப்படுகிறது. தமனி இறுகிச் சுருங்குவதால் ஓய்வில் வலி தோன்றும் பிரின்ஸ்மெட்டல் வகை மார்பு நெரிப்புக்குக் கால்சியம் வாய்க்கால் தடுப்பான்களே முதன்மை மருந்தாகும்.

பிற மருந்துகள்

மேற்கண்டவை போதாதபோதும் பொருந்தாதபோதும் ஐவாபிரடின், ரானோலசின், நிக்கோராண்டில், டிரைமெட்டாசிடின் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. ஐவாபிரடின் துடிப்பை மட்டும் குறைக்கிறது. 2014-இல் வெளியான சிக்னிபை ஆய்வு, நிலையான இதயத் தமனி நோயுள்ள, இதயச் செயலிழப்பு இல்லாதோரில் ஐவாபிரடின் மாரடைப்பையோ இறப்பையோ குறைக்கவில்லை எனக் காட்டியது. வலியைத் தணிப்பதும் உயிரைக் காப்பதும் வேறுவேறு என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

மாரடைப்பைத் தடுக்கும் மருந்துகள்

மாரடைப்பு பெரும்பாலும் தமனி மெல்ல மெல்ல முழுதும் அடைபடுவதால் ஏற்படுவதன்று. தமனிச் சுவரிலுள்ள ஒரு கொழுப்புப் படிவின் மேலுறை திடீரெனக் கிழிந்து, அவ்விடத்தில் குருதி உறைந்து தமனியை அடைப்பதாலேயே அது பெரும்பாலும் நிகழ்கிறது. அவ்வாறு கிழியும் படிவு அதற்கு முன் தமனியை அதிகம் குறுக்காததாகவும், எவ்வித வலியும் தராததாகவும் இருக்கலாம். எனவே வலி இல்லாத நாட்களிலும் ஆபத்து நீங்குவதில்லை. பின்வரும் மருந்துகள் இந்த நிகழ்வைத் தடுக்கின்றன.

ஆஸ்பிரின்: நாளொன்றுக்கு 75 முதல் 100 மி.கி. அளவில் இது குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. நிலையான மார்பு நெரிப்பு உள்ள 2035 நோயாளிகளிடம் சுவீடனில் நடத்தப்பட்டு 1992-இல் வெளியான ஆய்வில், 75 மி.கி. ஆஸ்பிரின் உட்கொண்டோரிடம் மாரடைப்பும் திடீர் இறப்பும் 34 விழுக்காடு குறைந்திருந்தன. இரைப்பைக் குருதிக்கசிவு இதன் முதன்மையான தீங்காகும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்குக் குளோபிடோக்ரெல் அளிக்கப்படுகிறது.

ஸ்டேட்டின்கள்: கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதற்குத் தேவையான ஒரு நொதியை இவை தடுக்கின்றன. சப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தார். மார்பு நெரிப்போ முந்தைய மாரடைப்போ உடைய 4444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வில், சிம்வாஸ்டேட்டின் உட்கொண்டோரின் மொத்த இறப்பு வீதம் 30 விழுக்காடு குறைந்தது. ஸ்டேட்டின்கள் கொலஸ்ட்ராலைக் குறைப்பதோடு, படிவுகளின் மேலுறை எளிதில் கிழியாதவாறு அவற்றை நிலைப்படுத்துகின்றன. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டல், இந்நோயாளிகளுக்கு எல்.டி.எல். கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 55 மி.கி.க்குக் கீழ் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஸ்டேட்டினால் மட்டும் இவ்விலக்கை எட்ட இயலாதபோது எசெட்டிமைப் போன்ற மருந்துகள் சேர்க்கப்படுகின்றன.

ஏ.சி.ஈ. தடுப்பான்கள்: ராமிப்ரில், பெரின்டோப்ரில் முதலியவை இவ்வகையின. 9297 பேர் பங்கேற்று 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில், ராமிப்ரில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றின் கூட்டு எண்ணிக்கையை 22 விழுக்காடு குறைத்தது. உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு ஆகியவை உள்ளோருக்கு இவை சிறப்பாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. வறட்டு இருமல் இவற்றின் பொதுவான பக்க விளைவு.

வாழ்க்கைமுறை மாற்றங்கள்

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியை ஒன்பது காரணிகள் விளக்குவதாகக் கண்டது. புகைபிடித்தல், குருதிக் கொழுப்புச் சீர்கேடு, உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனிகளைக் குறைவாக உண்ணல், உடலுழைப்பின்மை ஆகியவை அவற்றுள் அடங்கும். அதே ஆய்வின் தெற்காசியத் தரவுகள் 2007-இல் வெளியாயின. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் ஏற்பட்டது. பிற நாட்டினருக்கு அது ஏறத்தாழ 59 வயதாக இருந்தது. இளம் வயதிலேயே மேற்கூறிய காரணிகள் அவர்களிடம் மிகுந்திருந்ததே இவ்வேறுபாட்டிற்குப் பெரும்பாலும் காரணமாகக் கூறப்பட்டது.

புகையிலையைக் கைவிடுதல்

இதயத் தமனி நோயுள்ள ஒருவர் புகைபிடிப்பதை நிறுத்தினால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இது மேற்கூறிய மருந்துகள் ஒவ்வொன்றும் தரும் பயனுக்கு ஈடானது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு குருதியின் ஆக்சிசன் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. நிக்கோட்டின் இதயத்துடிப்பையும் குருதி அழுத்தத்தையும் உயர்த்துகிறது. பீடிக்கும் இது பொருந்தும். மெல்லும் புகையிலையும் மாரடைப்பு ஆபத்தை உயர்த்துவதாக இன்டர்ஹார்ட் ஆய்வு கண்டது. நிக்கோட்டின் மாற்று மருந்துகளும் வரெனிக்ளின் போன்ற மருந்துகளும் பழக்கத்தை விட உதவுகின்றன.

உடற்பயிற்சி

மார்பு நெரிப்பு உள்ளவர் அசையாமல் இருப்பதே நல்லது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. செருமனியின் லைப்சிக் நகரில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், நிலையான மார்பு நெரிப்பு உள்ள 101 ஆண்களுள் ஒரு பிரிவினருக்கு ஓராண்டு உடற்பயிற்சியும் மறுபிரிவினருக்கு ஸ்டென்டும் அளிக்கப்பட்டன. ஓராண்டு முடிவில் உடற்பயிற்சிப் பிரிவில் 88 விழுக்காட்டினரும், ஸ்டென்ட் பிரிவில் 70 விழுக்காட்டினரும் இதயம் சார்ந்த பாதிப்புகளின்றி இருந்தனர். இது சிறிய ஆய்வேயாயினும் உடற்பயிற்சியும் சிகிச்சையே என்பதைக் காட்டியது.

பயிற்சியால் உடல் தசைகள் ஆக்சிசனைத் திறம்படப் பயன்படுத்தப் பழகுகின்றன. அதனால் அதே தொலைவை நடக்க இதயம் முன்பைவிடக் குறைவாக உழைத்தால் போதுமானது. வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான நடைப்பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவதும், முடிக்கும்போது படிப்படியாகக் குறைப்பதும் தேவை. உண்டவுடனும் கடுங்குளிரிலும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். வலி தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். தொடங்குமுன் மருத்துவரிடம் உழைப்புச் சோதனை செய்துகொள்வது எவ்வளவு உழைப்பு பாதுகாப்பானது என்பதை அறிய உதவும்.

உணவும் உடல் எடையும்

காய்கறிகள், பழங்கள், பருப்பு வகைகள், முழுத் தானியங்கள், கொட்டைகள், மீன் ஆகியவை மிகுந்த உணவு பரிந்துரைக்கப்படுகிறது. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உயர்த்துவதால் அவற்றைக் குறைக்க வேண்டும். வனஸ்பதியிலும் மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயிலும் காணப்படும் மாறுபக்கக் கொழுப்பு மேலும் தீங்கானது. உப்பின் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். ஒரே வேளையில் நிறைய உண்பதைவிடச் சிறிது சிறிதாக உண்பது, உணவுக்குப் பின் தோன்றும் வலியைக் குறைக்கும்.

பிற

நீரிழிவையும் குருதி அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல், மதுவைத் தவிர்த்தல் அல்லது குறைத்தல், போதிய உறக்கம், ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஆகியவையும் பரிந்துரைக்கப்படுகின்றன. சளிக்காய்ச்சல் தொற்று மாரடைப்பைத் தூண்டக்கூடியது. மனச்சோர்வு இந்நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவதால் அதற்கும் சிகிச்சை அளிப்பது தேவையாகிறது.

மருந்துகளுக்கிடையேயான முரண்பாடுகள்

* நைட்ரேட் எடுப்பவர்கள் சில்டெனாபில், தடாலாபில் போன்ற ஆண்மைக் குறைபாட்டு மருந்துகளை எடுக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குருதி அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு குறையும். சில்டெனாபில் எடுத்த 24 மணிநேரத்திற்கும், தடாலாபில் எடுத்த 48 மணிநேரத்திற்கும் நைட்ரேட்டைத் தவிர்க்க வேண்டும். கூச்சத்தால் இதனை மருத்துவரிடம் மறைப்பது பெருந்தீங்காக முடியலாம். சில்டெனாபில் முதலில் மார்பு நெரிப்புக்கான மருந்தாகவே ஆராயப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.
* மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைக்கும் டைக்ளோபினாக், இபுபுரோபென் போன்றவை மாரடைப்பு ஆபத்தை உயர்த்துகின்றன. இபுபுரோபென் ஆஸ்பிரினின் செயலையும் தடுக்கக்கூடும்.

ஸ்டென்ட், பைபாஸ் ஆகியவற்றின் இடம்

குறுகிய தமனியை விரித்து ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயைப் பொருத்துவதும், வேறு குருதிக்குழாயைக் கொண்டு அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவையும் தமனிச் சீரமைப்பு முறைகளாகும். தமனியைப் பலூன் கொண்டு விரிக்கும் முறையை ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1977-இல் சூரிக் நகரில் முதன்முதலில் ஒரு நோயாளியின் இதயத் தமனியில் செய்தார்.

மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது. நிலையான மார்பு நெரிப்பில் நிலைமை வேறு. 2287 நோயாளிகளைக் கொண்ட கரேஜ் ஆய்வு 2007-இலும், 5179 நோயாளிகளைக் கொண்ட இஸ்கீமியா ஆய்வு 2020-இலும் வெளியாயின. முறையான மருந்துச் சிகிச்சையுடன் தமனிச் சீரமைப்பையும் தொடக்கத்திலேயே செய்துகொள்வது, மருந்துச் சிகிச்சையை மட்டும் மேற்கொள்வதைவிட இறப்பைக் குறைக்கவில்லை என இரண்டும் காட்டின. ஸ்டென்ட் ஓரிடத்திலுள்ள குறுக்கத்தைச் சரிசெய்கிறது. தமனிகள் முழுவதும் பரவியுள்ள படிவுகளை அது மாற்றுவதில்லை. ஆயினும் வலியைத் தணிப்பதில் அதற்குப் பங்குண்டு. வலி தணிக்கும் மருந்துகள் நிறுத்தப்பட்ட 301 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆர்பிட்டா-2 ஆய்வில், போலிச் சிகிச்சையைவிட ஸ்டென்ட் வலியைக் கூடுதலாகத் தணித்தது.

மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலி உள்ளவர்களுக்கும், இடது முதன்மைத் தமனியில் கடும் குறுக்கம் உள்ளவர்களுக்கும், பல தமனிகள் பாதிக்கப்பட்டு இதயத்தின் சுருங்குதிறன் குறைந்தவர்களுக்கும் சீரமைப்பு பரிந்துரைக்கப்படுகிறது. சீரமைப்புக்குப் பின்னரும் ஆஸ்பிரின், ஸ்டேட்டின் முதலிய மருந்துகள் தொடர வேண்டும்.

அபாய அறிகுறிகள்

பின்வருவன மாரடைப்பையோ நிலையற்ற மார்பு நெரிப்பையோ குறிக்கலாம்:

* மேலே கூறியவாறு நைட்ரேட் எடுத்தும் அடங்காத வலி
* ஓய்வில் அல்லது உறக்கத்தில் தோன்றும் வலி
* வலியுடன் வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல், மயக்கம்
* சில நாட்களாக வலி அடிக்கடி வருதல், அல்லது முன்பு எளிதாகச் செய்த செயலிலேயே வருதல்

வலி அடங்காதபோது தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் ஆம்புலன்சை அழைக்கலாம். நோயாளி தாமே வண்டியோட்டிச் செல்லக்கூடாது. ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு 300 மி.கி. ஆஸ்பிரினை மெல்லக் கொடுப்பது வழக்கம். வாயுத் தொல்லை எனக் கருதிக் காத்திருப்பதால் இழக்கப்படும் ஒவ்வொரு மணிநேரமும் இதயத் தசையின் இழப்பாகும்.

மருந்துகளைத் தொடர்தல்

நீண்டகால நோய்களுக்கான மருந்துகளைப் பலர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். மார்பு நெரிப்பில் இதற்கொரு தனிக் காரணம் உண்டு. நாவின் கீழ் வைத்த மாத்திரையின் பயன் சில நிமிடங்களில் தெரிகிறது. ஆஸ்பிரினும் ஸ்டேட்டினும் தடுத்த மாரடைப்பு யாருக்கும் தெரிவதில்லை. வலி நின்றபின் நோயாளி முதலில் கைவிடுவது பெரும்பாலும் இவ்விரண்டையே. கொலஸ்ட்ரால் அளவு சீரானதைக் கண்டு ஸ்டேட்டினை நிறுத்துவதும் இத்தகையதே. அந்த அளவு சீரானது அம்மருந்தினால்தான், நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாத்திரைகள் உருவாக்கப்பட்டுள்ளன. பக்க விளைவு தோன்றினால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், மாற்று மருந்து குறித்து மருத்துவரிடம் கேட்பதே உகந்தது. எந்த மாத்திரை வலிக்கானது, எது மாரடைப்பைத் தடுப்பதற்கானது, எதைத் திடீரென நிறுத்தக்கூடாது என்னும் மூன்றையும் நோயாளியும் வீட்டாரும் எழுதி வைத்துக்கொள்வது இச்சிகிச்சைக்குப் பெரிதும் துணைபுரியும்.